நிறுத்தி வைத்த சண்டை

பஸ்ஸை நேரத்துக்கு முந்தி எடுத்துவிட்டோம் என்பது மூன்றாவது தரிப்பில்தான் பஞ்சலிங்கத்துக்கு உறைத்தது. பிந்தினால் சனம் ஏசும், முந்தினால் கந்தோர் ஏசும். இத்தனை வருடமாக ஃபிஞ்ச் தெருவில் கிழக்கிலிருந்து மேற்கும் மேற்கிலிருந்து கிழக்குமாக ஓட்டிய மனுஷன், பிந்தியிருக்கிறார், பனிக்குள் புதைந்திருக்கிறார், ஒருநாளும் முந்தியதில்லை. இன்றைக்கு என்ன வந்தது, யார் கலைத்துக்கொண்டு வருகிறார்கள்? ஒருவரும் வரவில்லை. அந்தப் பக்கத்துக் கோடியில், ஃபிஞ்ச் ஸ்டேஷனில், மகன் நிற்பான். நின்று ஒரு பதில் கேட்பான். கையில் பதில் இல்லாதவன் மெதுவாக அல்லவா போக வேண்டும்? கால் தன்பாட்டில் மிதித்துக்கொண்டிருக்கிறது. பங்குனி மாதத்து அழுக்குப் பனி வீதிக்கரையில் கறுத்துக் கிடந்தது, ஏறுகிறவர்களின் சப்பாத்தெல்லாம் உப்புப் பூத்திருந்தது, ஒரு பெண் காலை வணக்கம் சொன்னாள், அவரும் சொன்னார். காலையில் தேத்தண்ணி போடும்போது தமிழ் வானொலியில் ஒரு கேள்வி போட்டார்கள்: கொரியாவில் மறுபடி சண்டை மூண்டால் எங்கள் கனடா போகத்தான் வேண்டுமா? எங்கள் கனடா. அறிவிப்பாளர் அதை அவ்வளவு உரிமையாகச் சொன்னார், ஏதோ சித்தப்பாவின் காணியைப் பற்றிப் பேசுகிற மாதிரி. மார்க்கம் நகரிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்து, அது ஒப்பந்தமில்லை, வெறும் அறிக்கை என்றார். ஐம்பத்து மூன்றில் சண்டையை நிறுத்தியபோது பதினாறு நாடுகள் சேர்ந்து, மறுபடி அடித்தால் மறுபடி ஒன்றாக வருவோம், சுணங்காமல் வருவோம் என்று சொல்லி வைத்தார்களாம். சொன்னதற்கும் செய்வதற்கும் நடுவில் பாராளுமன்றம் இருக்கிறதாம். அடுத்து வந்த பெண் ஒருத்தி, "அதென்ன அண்ணை, சொன்னால் சொன்னதுதானே" என்றாள். அதற்கடுத்தவர் பேத்தியின் பிறந்தநாளுக்குப் பாட்டுக் கேட்டார். அரிசி கழுவிக்கொண்டிருந்த சுகிர்தா திரும்பிப் பார்த்து, "கொரியாவிலை சண்டை வந்தால் எங்களுக்கென்ன, சாமான் விலை ஏறுமோ?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் குப்பைப் பெட்டியை வீதிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போகையில் மிதுலன் பின்னாலேயே வந்தான். பெட்டிக்குச் சில்லு இருக்கிறது, இழுக்க ஒரு ஆள் போதும். லீவில் வந்து நிற்கிற பிள்ளை குப்பைக்குப் பின்னால் வருகிறான் என்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். இந்த நாட்டு ஆமியில் அவன் சேர்ந்து நாலைந்து வருடம், தொலைத்தொடர்புப் பிரிவு, கம்பியும் பெட்டியுமாகத் திரிகிற வேலை. "அப்பா, கொரியாவிலை எல்லையைக் காக்கிற கூட்டுப் படையிலை ஒரு வருசம் நிக்கிறதுக்கு ஆள் கேக்கிறாங்கள். எனக்கு விருப்பம். ஆனால் நீங்கள் வேண்டாமெண்டால் நான் பேர் குடுக்கமாட்டன்" என்றான். நாளை மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டுமாம். காலையில் டவுனில் அலுவல் இருக்கிறதாம், முடித்துக்கொண்டு ஃபிஞ்ச் ஸ்டேஷனில் வந்து நிற்பானாம், திரும்பி வரும்போது உங்கடை பஸ்ஸிலை வாறன், அப்ப சொல்லுங்கோ என்றான். அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. இவர் "ம்" என்றார். அந்த "ம்" எதற்கு என்று அவருக்கே தெரியாது. பெட்டியை நேராக வைத்ததற்காகவும் இருக்கலாம். உலகத்தில் மற்ற வீடுகளில் அப்பாவும் மகனும் எப்படிப் பேசுகிறார்களோ, இந்த வீட்டில் எல்லாம் சுகிர்தா வழிதான். "அவனைத் தலைமயிர் வெட்டச் சொல்லு." "அப்பாட்டைக் காரைக் கேட்டுச் சொல்லுங்கோ அம்மா." ஒரே மேசையில் மூன்று பேரும் இருந்து சாப்பிடும்போதும் சொல் அவளைச் சுற்றித்தான் போகும், அவள் நடுவில் இருந்து காரம் குறைத்து இங்கேயும் அங்கேயும் பரிமாறுவாள். ஆமியில் சேரப் போகிறேன் என்று அவன் வந்து நின்றபோதும் அப்படித்தான். சுகிர்தா குசினிக்குள் வந்து, "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். சண்டை இல்லாத நாட்டிலே ஆமி என்ன செய்யும், வெள்ளம் வந்தால் மண்மூட்டை அடுக்கும், காடு எரிந்தால் அணைக்கும், பென்சனும் வரும் என்று இருவரும் குசுகுசுத்து முடிவெடுத்தார்கள். "அவன்ரை விருப்பம் எண்டு சொல்லு." அவள் போய், "அப்பாவுக்குச் சரியான சந்தோசம்" என்று சொன்னாள். அவளுடைய மொழிபெயர்ப்பில்தான் பஞ்சலிங்கம் நல்ல தகப்பன். இன்றைக்கு அவள் இல்லை. வேண்டாம் என்பதும் அவர் வாயால்தான், போ என்பதும் அவர் வாயால்தான். சிவப்பு விளக்கு. முன்னால் நிற்கிற லொறியின் பின்கதவில் யாரோ தூசியில் விரலால் சிரித்த முகம் வரைந்திருந்தார்கள். அதைப் பார்த்தபடி "வேண்டாம்" என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். கிட்ட இருந்த பள்ளிக்கூடப் பெட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

விக்டோரியா பார்க் சந்தியில் நிறுத்தி, இருக்கையில் சாய்ந்தார். நேரம் பார்க்கிற தரிப்பு இது, முந்தி வந்தவன் இங்கே நின்று நேரத்தைக் கழிக்கத்தான் வேண்டும். பின்னால் இருந்து ஒருவர் "என்ன பிரச்சினை?" என்று கேட்டார். பிரச்சினை ஒன்றுமில்லை ஐயா, நாங்கள் முந்தி வந்துவிட்டோம், உரிய நேரத்துக்குக் காத்திருக்கிறோம். அவருக்கு அது விளங்கவில்லை, இந்த ஊரில் யாருக்கும் விளங்குவதில்லை, வண்டி இருக்கிறது, சாரதி இருக்கிறான், வீதி வெறுமையாக இருக்கிறது, ஏன் நிற்க வேண்டும்? பொத்தானை அமத்திக் கதவைத் திறந்து வைத்தார், குளிர் உள்ளே வந்தது, யாரோ சூள் கொட்டினார்கள். மூடினார். நாள் முழுக்கக் கதவு திறந்து கதவு மூடுகிற வேலை. பச்சைக் கதவு. அது எங்கிருந்து வந்தது, ஏன் இப்போது வர வேண்டும்? மகன் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கொரியா என்றபோதே அது வந்துவிட்டது, இவர்தான் திரும்பிப் பார்க்காமல் இருந்தார். கடல் கடந்து ஒரு படை வந்திருந்த காலம். இரண்டு நாட்டுத் தலைவர்கள் எங்கோ ஒரு மண்டபத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அந்தக் கையெழுத்துக்காக யாரோ பெற்ற பிள்ளைகள் கப்பலேறி வந்து யாழ்ப்பாணத்துச் சந்திகளில் துவக்கோடு நின்றார்கள். முதலில் சனம் அவர்களுக்கு மாலை போட்டது, பிறகு இயக்கத்தோடு சண்டை. கோயிலில் அடைக்கலமாகக் கிடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் முன்கதவு இல்லை. யார் கழற்றியது என்று இன்றுவரைக்கும் தெரியாது. வந்த ஆமியோ, எங்கடை பொடியளோ, இரண்டுக்கும் நடுவில் வேலை பார்த்த கள்ளனோ. இரவில் அம்மாவின் தையல் மெஷினை வாசலுக்கு இழுத்து அடைத்துவிட்டுப் படுத்தார்கள், கதவு போன வாசல் பல்லுப் போன வாய் மாதிரி இருந்தது. ஒரு கிழமை கழித்து டியூசனுக்குப் போகிற வழியில், சந்திக் காவலரணில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டும்போது கண்டார், மண்மூட்டைகளுக்கு மேலே கூரையாகப் பச்சைக் கதவு. அப்பா தீபாவளிக்கு அடித்த பச்சை, கொண்டிப் பூட்டுப் போட்ட ஓட்டை, ஒரு மூலையில் தங்கச்சி ஒட்டிய மயில் படம். அதற்குக் கீழே நின்ற சிப்பாய் தமிழன், அக்கரைத் திருநெல்வேலிப் பக்கம், சுடலைமுத்து என்று பெயர், அவனுக்கும் இவருக்கும் அப்போது ஏறக்குறைய ஒரே வயசு இருக்கும். "என்னத்தடே தெனமும் பாக்க?" என்று ஒருநாள் மறித்தான். பயத்தில் உண்மை வாயில் வந்துவிட்டது. "அது எங்கடை வீட்டுக் கதவு." சுடலைமுத்து தலையை நிமிர்த்திக் கதவைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அப்பம் நான் உங்க வீட்டுக்குள்ளதாம்டே நிக்கேன்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசுவதுண்டு. சிநேகம் என்று சொல்ல முடியாது, சைக்கிளை உருட்டிக்கொண்டு காவலரணைக் கடக்கிற நேரத்துக்குள் எவ்வளவு பேசலாமோ அவ்வளவுதான். ஊரில் மழையா என்பான், பனங்கிழங்கு கிடைக்குமா என்பான். ஒருநாள் இவர் துணிந்து, இஞ்சை வர உங்கடை அப்பா விட்டவரோ என்று கேட்டுவிட்டார். "நம்மள யாருடே கேட்டா. போன்னாங்க, வந்தோம். எதுக்கு வந்தோம்னு மேல உள்ளவனுக்குத் தெரியும்." மேல என்று சொல்லும்போது கண்ணைத் தூக்கினான், மேலே பச்சைக் கதவுதான் இருந்தது. மாரி தொடங்கின கிழமை சந்திப் பக்கம் பெரிதாக வெடித்தது. இரண்டு நாள் ஊரடங்கு. மூன்றாம் நாள் போனால் மண்மூட்டையெல்லாம் புதிது, கூரையில் தகரம், கீழே வேறொருவன், தமிழ் தெரியாதவன், இறங்கு என்று கையால் காட்டினான். வீட்டில் வந்து சொன்னபோது அம்மா, "எங்கடை கதவும் போச்சோ" என்றாள். கெட்ட மனுஷி இல்லை அம்மா. பூனை செத்தாலும் அழுவாள். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் கதவுக்காகத்தான் கவலைப்பட்டார்கள், இவரும்தான், அதற்குக் கீழே நின்றவனை யார் பெற்றார்கள், அவர்களுக்குச் செய்தி எப்படிப் போயிருக்கும் என்று ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, யார் அவனைக் கூப்பிட்டது? முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது, கொரியாச் சந்தி ஒன்றில் தன் மகன் நிற்கப் போகிறான் என்றதும்தான் அந்தக் கேள்வி இவரைத் தேடிக்கொண்டு வருகிறது. செத்துவிடுவானோ என்கிற பயம் ஒன்று, அது நேரே நெஞ்சில் குத்துகிற பயம், அதை இனங்கண்டுகொள்ளலாம். இன்னொன்று பக்கவாட்டில் வருகிறது. யாரோ ஒரு கொரியாப் பொடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு மிதுலனைக் கடந்து போவான், தலையைக் குனிந்துகொண்டு, வாய்க்குள் ஏசிக்கொண்டு. மிதுலன் வெடித்துச் சிதறினால் அந்தப் பொடியன் வீட்டில் இராச்சாப்பாட்டின்போது வேறு எதைப் பற்றியோ கவலைப்படுவார்கள். அது நியாயமும்கூட. நேரம் சரியாகிவிட்டது. பஸ்ஸை எடுத்தார்.

லெஸ்லி தாண்டியதும் வழக்கமான தரிப்பில் வண்டில்காரி நின்றாள். பெயர் தெரியாது, இவர் வைத்த பெயர்தான், இரண்டு சில்லு வண்டிலை இழுத்துக்கொண்டு கிழமையில் இரண்டு தரம் கொரியாக் கடைகளுக்குப் போகிற கிழவி. எண்பது இருக்கும், கூனவில்லை, கறுப்புத் தொப்பி. அவளைக் கண்டதும் பொத்தானை அமத்துவார், பஸ் பெருமூச்சு விட்டு முன்பக்கத்தைத் தரையோடு பதிக்கும், அவள் வண்டிலைத் தூக்கி வைத்துவிட்டு ஏறுவாள், ஏறி, தலையைச் சற்றுக் குனிவாள், இவரும் குனிவார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர்கள் செய்துகொண்டதெல்லாம் இந்தக் குனிதல்தான். இன்றைக்கு அவள் கதவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "அம்மா, உங்கள் நாட்டில் மறுபடி சண்டை வருமா?" என்று கேட்டுவிட்டார். இருவருக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு. அவள் யோசித்தாள். "மறுபடி இல்லை. முடிந்தால்தான் மறுபடி. அது முடியவில்லை. நிறுத்தி வைத்தார்கள்." பிறகு, "ஏன்?" என்றாள். என் மகன், ஆமி, அங்கே போகக் கேட்கிறான் என்றார். சொன்ன பிறகுதான், சுகிர்தாவுக்கும் சொல்லாததை இவளுக்குச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அவள் வண்டில் கைப்பிடியைத் துடைத்தாள். அடுத்த தரிப்பில் ஆட்கள் ஏறி முடிந்து, கதவு மூடி, பஸ் ஓடத் தொடங்கியபின் பேசினாள். "நான் சின்னப் பிள்ளை. ஆமி வந்தது, வெளிநாடு. குளிர், சரியான குளிர். எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி எரித்தார்கள்." எந்த நாட்டு ஆமி என்று கேட்டார். "தெரியாது. மூக்கு உயரம். நாடு தெரியாது." பதினாறு நாடுகள் கையெழுத்து வைத்துக் கொடி வைத்து அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் உயர்ந்த மூக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. "என் அம்மா ஏசினாள், பயமில்லாமல் ஏசினாள். அவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு பொடியன் எங்களைக் கூப்பிட்டு நெருப்புக்குக் கிட்ட இருத்தினான். அன்றைக்கு இரவு எங்கள் கதவில் நாங்களே குளிர் காய்ந்தோம்." நல்லவனா கெட்டவனா என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. சுடலைமுத்து நல்லவனா கெட்டவனா என்று யாராவது கேட்டால் இவர் என்ன சொல்வார்? நின்றவன். அனுப்பினார்கள், வந்து நின்றான்.

ஃபிஞ்ச் ஸ்டேஷன் கிட்ட வரவர உயர்ந்த கட்டடங்கள் வெயிலை மறைத்தன. வேண்டாம் என்றால் முடிந்தது, அவன் நல்ல பிள்ளை, சரியப்பா என்பான், பேர் கொடுக்க மாட்டான். அவன் போகாவிட்டால் அந்த இடம் காலியாகவா இருக்கும், வேறொருவன் போவான், அவனுக்கும் ஒரு அப்பன் இருப்பான், பிலிப்பினோவோ, உக்ரேனியனோ, எங்கேயோ லொறி ஓட்டுவான். நாடு சொன்ன சொல்லை யாரோ ஒரு வீடுதான் காக்க வேண்டியிருக்கிறது. அது ஏன் என் வீடாக இருக்க வேண்டும்? ஏன் இருக்கக்கூடாது? குடியுரிமை எடுத்த அன்று கையை உயர்த்திச் சத்தியம் செய்தோமே, பக்கத்தில் நின்ற சோமாலியாக்காரர் அழுதார், சுகிர்தா குஞ்சம் வைத்த சீலை கட்டியிருந்தாள், நீதிபதி அம்மா எல்லோருக்கும் கைகொடுத்தார், பிறகு கேக் தந்தார்கள். கேக்குக்குள் பதினாறு நாடுகளும் இருந்தன என்று யாருக்குத் தெரியும். சரி, போ என்றால்? போ என்று சொல்லி, ஒன்று நடந்தால், அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது? சுகிர்தா கேட்பாள்: நீங்களே விட்டனியள்? வாழ்நாள் முழுக்க அதையே கேட்பாள், சத்தம் போட மாட்டாள், சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்பாள். சுடலைமுத்துவின் அப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை, அவரை யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்கிறான். கேட்காமலே போயிருந்தால் நான் திட்டிவிட்டு அழுதுவிட்டு இருந்திருப்பேன், சுகம். பஸ் வளைந்து நிலையத்துக்குள் நுழைந்தது. எல்லோரும் இறங்கினார்கள். வண்டில்காரி கடைசியாக எழுந்தாள். பஸ் தாழ்ந்தது. வண்டிலை இறக்கிவிட்டு அவள் திரும்பி நின்றாள், வழக்கம்போலக் குனியவில்லை. "மகனிடம் சொல்லு. கதவை எரிக்க வேண்டாம்" என்றாள். அவ்வளவு கண்டிப்பாக, ஏதோ நேற்று நடந்த பிழையைச் சொல்வதுபோல. பிறகுதான் தலையைக் குனிந்தாள்.

பஸ்ஸைக் கிழக்கே போகிற மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். வரிசையில் நாலாவதாக மிதுலன் நின்றான், சீருடை இல்லை, நீலக் குளிர்ச்சட்டை, அம்மா பின்னிய தொப்பி, ஒரு கையில் கோப்பி. அவன் முறை வந்தபோது இவருடைய விரல் தன்பாட்டில் பொத்தானை அமத்திவிட்டது, பஸ் பெருமூச்சு விட்டு முன்பக்கம் தாழ்ந்து அவனுக்கு முன்னால் பணிந்தது. அவன் சிரித்துவிட்டான். "என்னப்பா, நான் கிழவனே?" இவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏறு" என்றார். அவன் தன் அட்டையைத் தட்டிக் காசு கட்டினான், அப்பாவின் பஸ் என்று ஒருநாளும் சும்மா ஏறினதில்லை. கதவுக்குப் பக்கத்து இருக்கையில், கிழவி இருந்த சூடு ஆறுமுன் உட்கார்ந்தான். சின்னவனாக இருந்தபோது லீவு நாட்களில் அந்த இருக்கையில்தான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வருவான், கால் தரையில் முட்டாது. இருவரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பேச மாட்டார்கள். கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. "அப்பா, மத்தியானமாகப் போகுது" என்றான். கண்ணாடியில் அவன் முகம் சுகிர்தாவின் முகமாக இருந்தது. பஞ்சலிங்கம் கண்ணாடியை விட்டுவிட்டு, இருக்கைப் பட்டியைக் கழற்றி, உடம்போடு திரும்பினார்.

"அங்கை சரியான குளிராம்" என்றார். குரல் யாரோ ஒருவருடையதுபோல் வந்தது. "எவ்வளவு குளிர்ந்தாலும் ஆரின்ரை வீட்டுக் கதவையும் கழட்டாதை. மற்றவங்கள் கழட்டினாலும் விடாதை. கழட்டி வச்சிருந்தாங்களெண்டால், அது ஆரின்ரை கதவெண்டு கேள். கேட்டு அறிஞ்சு வை. விளங்கிச்சோ?"

மிதுலன் கோப்பியை இறக்கி வைத்தான். "என்ன கதவப்பா?"

"பச்சைக் கதவு. அது பெரிய கதை. வழியிலை சொல்லுறன்."

"அப்ப நான் போகட்டே?"

அவனைப் பார்த்தார். சுடலைமுத்துவைவிட ஒன்றிரண்டு வயது கூட. தாடையில் சவரக்கத்தி கீறிய சிறு சிவப்பு. போ என்ற சொல் அந்தக் கதவோடு சேர்ந்து ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்று தெரிந்தது, பிடிக்கப் போனாலும் அகப்படாது. "ஓம்" என்றார்.

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான், பத்து வயதுப் பிள்ளை கண்ணாடியை உடைத்துவிட்டுக் கேட்கிற மாதிரி. "அம்மாவிட்டை ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்."

மிதுலன் நம்பாமல் பார்த்தான். இவர் திரும்பி, பட்டியைப் போட்டுக்கொண்டு, நேரத்தைப் பார்த்தார். சரியான நேரம். மேடையில் இனி ஏற ஒருவரும் இல்லை. பொத்தானில் விரலை வைத்தார், அமத்த மனம் வரவில்லை, குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ, "கதவு" என்று குரல் கொடுத்தார்கள். மூடினார்.